தொட்டால் இளகும், விட்டால் இறுகும்: ஒரு பீங்கான் களிமண்ணோடு ஒன்பது மாதம்

கடந்த ஆண்டு பிப்ரவரியில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் காப்பிக்குப் பெயர்பெற்ற ஒரு சைவ உணவகத்தின் உரிமையாளரான அம்மையார் எங்கள் செந்தூல் பட்டறைக்கு வந்து, எவர்சில்வர் டவரா டம்ளரின் அதே வடிவத்தில், வெள்ளைப் பீங்கானில், 60 இணைகள் செய்து தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்று நானும் என்னோடு வேலை செய்யும் தங்கையும் ஒரே குரலில் சொன்னோம். ஒரு மாதத்தில் முடிய வேண்டிய அந்த வேலை அக்டோபரில்தான் முடிந்தது. தாமதத்தில் எங்கள் கைப்பிழையும் இருந்தது, வெயிலின் பங்கும் இருந்தது. ஆனால் பெரும்பங்கு, பைக்குள் இருந்தபடியே குணம் மாறிக்கொண்டிருந்த களிமண்ணுடையது. அந்த மாற்றத்தை நாங்கள் எப்படிக் கண்டுபிடித்தோம், கண்டுபிடிப்பதற்கு முன் எத்தனை தவறான இடங்களில் தேடினோம் என்பதே இந்த ஆய்வு.

முதலில் அளவுகள். சுட்டு முடித்த டம்ளரின் உயரம் 78 மி.மீ., வாய் 66 மி.மீ., அடி 48 மி.மீ., சுவர்க் கனம் 3 மி.மீ. விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 150 மி.லி. பிடிக்கும். டவராவின் தரையில், டம்ளர் நழுவாமல் உட்காருவதற்காக 52 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு மெல்லிய வளையம் எழுப்ப வேண்டும். டம்ளர் விளிம்பின் நீண்ட விட்டத்துக்கும் குறுகிய விட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு 1.5 மி.மீ.க்கு மேல் போனால் அந்த உருப்படியை ஒதுக்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டோம். எவர்சில்வரில் பழகிய கை வட்டத்தில் உள்ள சிறு கோணலையும் உடனே உணர்ந்துவிடும்; கைவினைப் பொருள் என்று சொல்லி அதை மன்னிக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மண்ணைத் தேர்ந்தெடுப்பதற்காக மூன்று களிமண்களிலிருந்து தலா மூன்று சோதனைப் பட்டைகள் செய்தோம். ஒவ்வொரு பட்டையிலும் ஈரமாக இருக்கும்போதே 100 மி.மீ. கோடு கீறி, ஈர எடையையும் உலர்ந்த எடையையும் குறித்துக்கொண்டு, சூட்டை அறியச் சூளைக்குள் வைக்கும் கூம்புகளில் 6ஆம் எண் கூம்பு சாயும் சூட்டில், அதாவது ஏறத்தாழ 1220 பாகை செல்சியஸில் சுட்டோம். பிறகு ஐந்து மணி நேரம் கொதிநீரிலிட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, எவ்வளவு நீர் குடித்திருக்கிறது என்று நிறுத்துப் பார்த்தோம். மஞ்சள் சாயல் கொண்ட ஸ்டோன்வேர் (உயர்சூட்டில் கல்போல் இறுகும் வகை) மண் 10.5 விழுக்காடு சுருங்கி, 3.4 விழுக்காடு நீர் குடித்தது. வெள்ளை ஸ்டோன்வேர் 11.5 விழுக்காடு சுருங்கி, 2.1 விழுக்காடு குடித்தது. பீங்கான் மண் 13.5 விழுக்காடு சுருங்கியது. குடித்தது வெறும் 0.3 விழுக்காடு.

பலர் நினைப்பதுபோல நாங்கள் வெண்மைக்கு மயங்கிப் பீங்கானை எடுக்கவில்லை. உணவகத்து டம்ளர் ஒரு நாளில் பல முறை கழுவப்பட்டு, துடைக்கப்படாமலேயே அடுக்கப்படும். கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சு பூசாத அடிவளையம் நீரைக் குடிக்கும் மண்ணாக இருந்தால், கோலாலம்பூரின் ஈரக்காற்றில் அது ஒருபோதும் முழுதாக உலராது. சில மாதங்களில் அடிப்பாகம் காப்பிக்கறையும் பூஞ்சையுமாகக் கறுத்துப்போகும். முந்தைய ஆண்டு வேறொரு கடைக்குச் செய்துகொடுத்த கோப்பைகளில் இந்த அனுபவம் எங்களுக்குக் கிடைத்திருந்தது. ஆகவே 0.3 விழுக்காடு என்ற அந்த ஒற்றை எண்ணே முடிவைத் தீர்மானித்தது. தவறு தேர்வில் இல்லை, சோதனை செய்த விதத்தில் இருந்தது. அன்று வந்திறங்கிய புதிய பையிலிருந்து ஒரே வாரத்தில் எல்லாச் சோதனைகளையும் முடித்துவிட்டு, மொத்தமாக எடுத்தால் மலிவு என்று 10 கிலோ பைகளாக 200 கிலோவை வாங்கி, பட்டறைக்குப் பின்புறம் தகரக்கூரை போட்ட அறையில் அடுக்கினோம். நான்கு பைகளுக்கு மட்டும் அங்கே இடமில்லாததால், படிக்கட்டின் கீழே சிமெண்டுத் தரையில் வைத்தோம். அந்த நான்கு பைகளே பின்னால் சாட்சியாக வந்து நிற்கும் என்று அப்போது தெரியாது.

பீங்கான் மண்ணின் இயல்பைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதன் பழைய வாய்பாடு பாதி கயோலின் எனும் வெண்களிமண், கால் பங்கு ஃபெல்ட்ஸ்பார் எனும் உருகும் கனிமம், கால் பங்கு குவார்ட்ஸ். கயோலின் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. பேராக்கில் தாப்பா, பீடோர் பக்கம் வெட்டி எடுக்கிறார்கள். கருங்கல் இருந்த இடத்திலேயே மக்கி உண்டாகும் கயோலின் வெண்மையாக இருக்கும், ஆனால் துகள்கள் பருமனானவை. ஆறு அடித்துக்கொண்டுபோய் எங்கோ படியவைத்த மண்ணில் துகள் நுண்ணியதாகி, வழுவழுப்பும் இழுப்பும் கூடும். கூடவே இரும்பும் இலைமக்கும் சேர்ந்து நிறமும் ஏறிவிடும். கோலா சிலாங்கூரில் அகல்விளக்கும் பொங்கல் பானையும் செய்யும் நம்மவர்கள் வனையும் மண் இந்த இரண்டாம் வகை. அது விரலின் சொல் கேட்கும், மணல் சேர்ந்திருப்பதால் சீராக உலரும், பீங்கானுக்கு வேண்டிய சூடும் அதற்குத் தேவையில்லை. பீங்கான் மண்ணோ இழுப்பு குறைந்தது, நீரை விரைவில் வாங்கிச் சோர்ந்துவிடுவது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தனக்கு நேர்ந்ததை மறக்காதது. ஈரமாக இருக்கும்போது ஒருமுறை நசுங்கிய விளிம்பை வட்டமாகத் திருத்தி வைத்தாலும், சூளையில் இளகும் நேரத்தில் அது பழைய நசுங்கலை நினைவுக்குக் கொண்டுவந்துவிடும்.

மார்ச் மாதத்தில் முதல் தொகுதியாக 26 இணைகள் வனைந்தோம். நல்லவையாகத் தேறியவை 22 டம்ளர்களும் 20 டவராக்களும். பீங்கானுக்கு இது நல்ல கணக்கு. ஆனால் அப்போது ஒரு பள்ளிக்கான அவசர வேலை வந்ததால் உணவகத்தாரிடம் அவகாசம் கேட்டு, மீதியை ஜூலைக்குத் தள்ளிவைத்தோம். ஜூலையில் அதே மண், அதே சக்கரம், அதே கைகள். வனைந்த 24 இணைகளில் தேறியவை 7 டம்ளர்களும் 5 டவராக்களும் மட்டுமே.

நோயின் அறிகுறி விசித்திரமானது. பையைத் திறந்து கட்டைவிரலால் அழுத்தினால் மண் மார்ச்சில் இருந்த அதே பதத்தில் இருந்தது. பிசையத் தொடங்கி இருபது முப்பது தள்ளல் ஆனதும் வெண்ணெய் போல இளகிப் பலகையில் ஒட்டிக்கொண்டது. சக்கரத்தில் வைத்துச் சுவரை 50 மி.மீ. வரை தூக்கினால், 90 மி.மீ.க்குப் போக வேண்டிய அது இடுப்பு ஒடிந்து உட்கார்ந்தது. அந்தக் குவியலை அப்படியே விட்டுவிட்டு மதிய உணவுக்குப் போய் வந்து தொட்டால் மறுபடி கெட்டியாக இருந்தது.

நீர் கூடிவிட்டது என்பதே எங்கள் முதல் முடிவு. யாராயிருந்தாலும் அப்படித்தான் எண்ணுவார்கள். பிளாஸ்டர் பலகையில் பரப்பி நீரை உறிஞ்சவிட்டோம். அப்படி உலர்த்திய மண் சாயாமல் நின்றது, ஆனால் விளிம்பை வெளியே மடக்கும்போது பொடிப்பொடியாகக் கீறியது. ஈரம் சேர்த்தால் சாய்கிறது, குறைத்தால் கீறுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கும் என்று நம்பி இரண்டு வாரத்தைச் செலவிட்டோம். அந்த நடுப்பதம் இல்லவே இல்லை. இடையில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டதையும் மறைக்க வேண்டியதில்லை. தங்கை பிசையும் முறை மாறிவிட்டது என்று நான் சொன்னேன். அக்கா சக்கரத்தை வேகமாக ஓட்டுகிறாள் என்று அவள் சொன்னாள்.

சோதனைப் பட்டைகளின் எடைக்குறிப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிப்ரவரியில் 100 கிராம் ஈர மண் உலர்ந்து 78.5 கிராம் ஆகியிருந்தது. அதாவது நீர் 21.5 விழுக்காடு. ஜூலைப் பையிலிருந்து அதே அளவு எடுத்து உலர்த்தினால் 79.2 கிராம் வந்தது, நீர் 20.8 விழுக்காடு. மண்ணில் நீர் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தது. நீர் குறைந்திருந்தும் அதிகமாக இளகுகிறது என்றால், நீர் குற்றவாளி அல்ல. இந்த இரண்டு எண்களையும் தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்த பிறகுதான் எங்கள் சண்டை நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணில் ஒரு உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு கோலா சிலாங்கூருக்குப் போனேன். அங்கே மூன்று தலைமுறையாக விளக்கு வனையும் குடும்பத்தின் பெரியவர் ஒருவரை நான் மாமா என்றுதான் அழைப்பேன். அவர் உருண்டையை உள்ளங்கையில் திரித்து, விரலைச் சுற்றி வளைத்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது தண்ணி கூடுனதால வந்த எளக்கம் இல்லம்மா. சோப்புத் தண்ணி பட்ட கை மாதிரி வழுக்குது பாரு. மண்ணுல என்னத்தையோ கலந்துருக்காங்க" என்றார்.

"புதுசா எதுவும் கலக்கலியே மாமா, வந்த பை அப்படியே இருக்கு."

"நீ கலக்கல. அதுவே உள்ளுக்குள்ள கரைஞ்சிருக்கும்."

சோப்பு என்ற அந்தச் சொல்லே வழியைக் காட்டியது. வழுக்கும் நீர் என்றால் காரம். நீர் அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும், மீன்தொட்டிக்கு விற்கும் பி.எச். காகிதத்தை வாங்கி, பையின் உட்புறத்தில் வியர்த்திருந்த நீரில் தொட்டுப் பார்த்தோம். தகரக்கூரை அறையில் இருந்த பைகள் 9.5 அளவில் காட்டின. படிக்கட்டின் கீழ் இருந்த நான்கு பைகள் 8.5. விற்பனையாளரிடம் அன்று வந்திறங்கிய புதிய பையில் சோதித்தபோது 8ஐத் தாண்டவில்லை. காகிதத்தின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் இந்தச் சோதனை முரட்டுத்தனமானதுதான், ஆயினும் மூன்று இடங்களுக்கும் உள்ள வரிசை ஐயத்துக்கு இடம் தரவில்லை: அதிகச் சூட்டில் அதிக நாள் இருந்த மண்ணில் காரம் அதிகம்.

மண்ணில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று விற்பனையாளரிடம் கேட்டோம். அளவுகளைச் சொல்லவில்லை, பெயர்களைச் சொன்னார். அதில் நெஃபலின் சயனைட் (syenite) என்ற பாறையின் தூள் இருந்தது. 1280 பாகைக்கு மேல் முதிரும் பழைய பீங்கானை 1220 பாகையிலேயே முதிரச் செய்வதற்குச் சோடியம் மிகுந்த இந்தப் பாறைத்தூளைப் பயன்படுத்துவது வழக்கம். சூளையில் இது நல்ல உருக்கி. ஆனால் நீரில் இது சிறிதளவு கரையும். மாதக்கணக்கில் ஈரத்திலேயே கிடக்கும்போது சோடியம் மெல்லக் கசிந்து, துகள்களுக்கு இடையே உள்ள நீரைக் காரமாக்கும். வெப்பம் அந்தக் கசிவை விரைவுபடுத்தும். மதியம் 37 பாகை காட்டிய எங்கள் தகர அறை இதற்குக் கச்சிதமான அடுப்பு.

களிமண் துகள்கள் அப்பளம் போன்ற நுண்ணிய தட்டுகள். நல்ல பதமான மண்ணில் ஒரு தட்டின் ஓரம் இன்னொன்றின் முகத்தைப் பற்றிக்கொண்டு, தட்டுகள் தாறுமாறாகக் கோத்து நிற்கும். அந்தக் கோப்பே சுவரைத் தாங்குகிறது. நீர் காரமாகி, சோடியம் தட்டுகளைச் சூழ்ந்துகொண்டால் அவை ஒன்றையொன்று விலக்கத் தொடங்கும். பிடி தளர்ந்து வழுக்கி நகரும். சும்மா விட்டால் மெல்ல ஒரு பலவீனமான கோப்பு மறுபடி உண்டாகும். கையோ சக்கரமோ அசைத்தவுடன் அது கலைந்துவிடும். தொட்டால் இளகுவதும் விட்டால் இறுகுவதும் இதனால்தான். அச்சில் ஊற்றி வார்ப்பவர்கள் வேண்டுமென்றே செய்வதும் இதுவே. கெட்டியான மண்குழம்பில் சில துளி சோடியம் சிலிகேட் விட்டதும் அது பாலைப் போல ஓடும். எங்கள் மண் தானாகவே வார்ப்புக்குழம்பாக மாறிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

பரிகாரத்துக்கு இரண்டு வழிகள் தெரிந்தவை: காடி (வினிகர்), எப்சம் உப்பு. காடியை முதலில் முயன்றோம், வீட்டிலேயே இருந்தது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. நீர்த்த காடியைச் சேர்த்துப் பிசைந்ததும் மண் உடனே விறைப்புப் பெற்றது; பத்தே நாளில் பழைய நிலைக்குத் திரும்பியது. கசிவு தொடர்ந்துகொண்டே இருப்பதால், போட்ட அமிலம் செலவழிந்துவிட்டது என்று கொள்ளலாம். போதாதென்று பை முழுதும் பூஞ்சை படர்ந்து, புளித்த மாவு நாற்றம் எடுத்தது.

எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். இரட்டை மின்னேற்றம் கொண்ட மெக்னீசியம் சோடியத்தைவிட வலுவாகத் துகள்களைச் சேர்த்துக் கட்டும். ஒரு 10 கிலோ பையில் உலர்மண் ஏறத்தாழ 7.9 கிலோ, அதற்கு 8 கிராம், 12 கிராம், 20 கிராம் என்று மூன்று அளவுகளை முயன்றோம். ஒவ்வொன்றையும் 60 மி.லி. வெந்நீரில் கரைத்து, கம்பியால் மண்ணை விரற்கடை கனத்தில் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டின் மீதும் தூரிகையால் பூசி, மறுபடி அடுக்கி, ஒரு நாள் மூடி வைத்துப் பிறகு பிசைந்தோம். உப்பைத் தூளாகத் தூவக் கூடாது, அங்கங்கே கட்டிதட்டிவிடும். 8 கிராம் போதவில்லை. 12 கிராமில் மண் மார்ச் மாதப் பதத்துக்கு வந்தது. ஏழு வாரம் கழித்தும் அப்படியே நின்றது. 20 கிராம் போட்ட மண் வனைய இன்னும் சுகமாக இருந்தது, ஆனால் உலரும்போது உப்பு நீரோடு விளிம்புக்கு ஏறி வெண்மையாகப் பூத்தது. உதடு படும் இடத்தில் கிளேஸ் ஊசித்துளைகளோடு வந்தது. எனவே 12 கிராமில் நிறுத்திக்கொண்டோம்.

மண் சரியானதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஜூலையில் ஒதுக்கிய டம்ளர்களை மறுபடி எடுத்து அளந்தபோது, விளிம்பு நீள்வட்டமாகிப் போனவற்றில் பாதிக்கும் மேல் ஒரே திசையில் கோணியிருந்தன. சக்கரத்திலிருந்து இரு கைகளாலும் அள்ளித் தூக்கும்போது விரல்கள் அழுத்திய திசை அது. இளகிய மண் இதைப் பெரிதாக்கியது உண்மை, ஆனால் பழக்கம் எங்களுடையது. செப்டம்பரில் ஒவ்வொரு டம்ளரையும் தனித்தனி மரத்தட்டில் வனைந்து, தட்டோடு எடுத்து வைத்து, பாதி உலர்ந்து தோல்போல் விறைக்கும் தோல்பதம் வரும்வரை கையால் தொடவில்லை. மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பழைய கைலித் துணியால் கூடாரம் போல மூடி நான்கு நாள் உலர்த்தினோம். இந்த ஊரில் மழை நாளில் மண் உலரவே உலராது என்று விசிறியைப் போடுவோம். விசிறிக் காற்று படும் பக்கம் முதலில் சுருங்கி விளிம்பை இழுத்துக்கொள்ளும். முதல் சூட்டில் டம்ளர்களை வாயோடு வாய் வைத்து இரண்டிரண்டாக அடுக்கினோம். ஒன்றின் வட்டத்தை மற்றது காக்கும். கிளேஸ் சூட்டில் அப்படிச் செய்ய வழியில்லை. அங்கே கோணலைக் குறைத்தது வேறொன்று: உச்சச் சூட்டில் 25 நிமிடம் நிறுத்தி வைத்திருந்ததை 10 நிமிடமாகக் குறைத்தோம். சூளையின் காட்டி 1220 என்றே சொன்னாலும், உள்ளே வைத்த கூம்புகளில் 7ஆம் எண் கூம்பும் தலைகுனிந்திருந்தது. மண் தேவைக்கு மேல் வெந்து, தன் எடையைத் தாங்காமல் தளர்ந்திருக்கிறது.

செப்டம்பரில் வனைந்த 36 டம்ளர்களில் 31 தேறின. 22, 7, 31 என்று மூன்று தொகுதியையும் கூட்டினால் சரியாக 60. கைமிச்சம் ஒன்றுகூட இல்லை.

டவராவில் மட்டும் தோற்றோம். அகன்ற தட்டையான தரை கொண்ட பாத்திரத்தில் நடுமண் இறுகாமல் விட்டால், உலரும்போது அது பாம்பு நெளிந்ததுபோல் வெடிக்கும். நடுவிலிருந்து வெளியேயும், வெளியிலிருந்து நடுவுக்கும் மரத்தகட்டால் அழுத்தித் தேய்த்தோம், தேங்கிய நீரைப் பஞ்சால் ஒற்றினோம், கவிழ்த்து உலர்த்தினோம். திருத்திய மண்ணிலும் ஐந்துக்கு ஒன்று வெடித்துக்கொண்டே இருந்தது. திறமை கூடினால் இதையும் வெல்லலாம் என்று தங்கை வாதிட்டாள். காப்பி டவராவுக்கு மெல்லிய பீங்கான் தேவையா என்பதே என் கேள்வி. அதன் அடி மேசையில் படும், ஆனால் யார் உதடும் அதில் படாது. நீர் குடிக்கும் அந்த அடிவளையத்துக்கும் கிளேஸ் பூசி, முள்தாங்கியின் மேல் வைத்துச் சுட்டுவிடலாம்.

எனவே டவரா முழுவதையும் வெள்ளை ஸ்டோன்வேருக்கு மாற்றினோம். சுருக்கம் வேறு என்பதால் கணக்கும் மாறியது: பீங்கானில் 52 மி.மீ. வளையம் வேண்டுமானால் ஈரத்தில் 60.1 மி.மீ. வனைய வேண்டும், இந்த மண்ணில் 58.8 போதும். பீங்கானில் தெளிவாக வந்த அதே கிளேஸ் இங்கே சிலந்திவலை போல நுண்கோடு விட்டது. குளிரும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் வரும் கோளாறு அது. கிளேஸில் 4 விழுக்காடு சிலிக்கா கூட்டியதும் நின்றது. ஒரு டவராவை உறைபெட்டியில் வைத்தெடுத்துக் கொதிநீர் ஊற்றும் சோதனையை மூன்று முறை செய்த பிறகே நம்பினோம். 66 வனைந்ததில் 63 தேறின.

நிறம் மட்டும் பொருந்தவில்லை. டம்ளர் பால்வெள்ளை, டவரா சுண்டக்காய்ச்சிய பாலின் நிறம். மன்னிப்பைத் தயார்செய்துகொண்டுதான் உணவகத்துக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மையார் இரண்டையும் சேர்த்து வைத்து, தள்ளி நின்று பார்த்துவிட்டு, "டவரா கொஞ்சம் மங்கலா இருக்கறதே நல்லதும்மா, காப்பி ஆத்துறப்ப சிந்துனா பளிச்சுனு தெரியாது" என்றார்.

பீங்கான் மண்ணில் ஒன்பது பைகள் மீதமிருக்கின்றன. எட்டில் 12 கிராம் உப்பைச் சேர்த்து, பையின் மீது வாங்கிய நாளையும் உப்பிட்ட நாளையும் எழுதி, எல்லாவற்றையும் படிக்கட்டின் கீழே மாற்றிவிட்டோம். ஒன்பதாவது பையில் எதையும் சேர்க்காமல் அதே இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை காகிதத்தைத் தொட்டுப் பார்க்கிறோம். ஆகஸ்டில் 8.5 காட்டிய அந்தப் பை, நவம்பர் முடிவில் 9 காட்டியது.